இடது கைக் கவளம்

ஆகஸ்ட் 24

தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தியவள் நான். தேதி போடாமல் ஒரு வரிகூட எழுத வராது.

இன்று டாக்டரிடம் போனோம். ஏப்ரலில் பக்கவாதம் வந்தபோது இவர் எழுபத்திரண்டு கிலோ. இன்று ஐம்பத்தெட்டு. வாய்க்கோணல் நேராகிவிட்டது, பேச்சு நிதானமாக வருகிறது, தடியூன்றி நடக்கிறார். வலது கை மட்டும்தான் அசையாமல் மடியில் கிடக்கிறது.

"விழுங்கறதுல கோளாறு இல்லீங்கம்மா. குடலும் நல்லாருக்குது. ஐயா சாப்பிட மாட்டேங்கறாரு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம். இப்படியே எறங்குச்சுன்னா மூக்குல ட்யூப் போட்டுத்தான் ஆகோணும்."

இவர் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்யூப் எல்லாம் வராது. நான் விடமாட்டேன். மகள் மேகலாவும் மாப்பிள்ளையும் எத்தியோப்பியாவில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். மூன்று வாரம் அங்கே கூட்டிப் போய்க் காற்று மாற்றினால் பசி தானாக வரும். டாக்டரும் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அவிநாசியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். ஏன், அவிநாசிக்காரி போகக் கூடாதா?

ஆகஸ்ட் 29

பெட்டி கட்டியாகிவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய், இவருடைய மாத்திரைகள் மூன்று செட். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டில் சொல்லியாகிவிட்டது.

மதியம் இவருக்குத் தட்டையும் ஸ்பூனையும் அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இவருக்கு அப்படித்தான் வசதி. யாராவது ஊட்ட வந்தால் வாயைத் திறப்பதில்லை. இடது கையால் சாப்பிட்டால் பாதி சட்டையில் கொட்டும். அதை நாலு பேர் எதற்குப் பார்க்க வேண்டும்?

அரை மணி கழித்துப் போனேன். முக்கால் தட்டு அப்படியே இருந்தது.

செப்டம்பர் 3, ஹவாசா

வந்து சேர்ந்தோம். மலைப்பாங்கான ஊர், பக்கத்தில் பெரிய ஏரி. ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு வழுக்கைத் தலைப் பறவைகள் நிற்கின்றன. ரிட்டயரான ஹெட்மாஸ்டர்கள் காலை நடைக்கு வந்தது போல இருக்கிறது.

இந்த நாட்டின் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறதாம். அப்படிப் பார்த்தால் எனக்கு ஐம்பத்து மூன்றுதான். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப மாமா மூடுன பவர்லூம் இன்னும் ஓடிட்டு இருக்குமுங்க அத்தை" என்றார். நல்ல பையன், பேசத் தெரிந்தவன்.

மேகலா அப்பாவைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 6

இங்கும் அறையில்தான் சாப்பாடு. மேகலா கேட்டாள். "அப்பாவே அப்படிக் கேட்டாராம்மா?" ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 10

நாளை இவர்களுக்குப் புத்தாண்டு. நம்மைப் போல ஏப்ரலில் வியர்த்துக்கொண்டு கொண்டாடுவதில்லை, மழை முடிந்து ஊர் முழுக்க மஞ்சள் பூ பூத்ததும் கொண்டாடுகிறார்கள். மேகலாவோடு வேலை செய்யும் அல்மாஸ் என்ற பெண் எங்கள் நால்வரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். பெரிய கூடை மாதிரி ஒரு மேசையாம், அதன்மேல் ஒரே தட்டாம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கையால் சாப்பிடுவார்களாம்.

இவரை வீட்டில் விட்டுப் போகலாம் என்றேன். மேகலா முகம் சுளித்தாள். சரி, ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கிளம்பும் முன் அறையில் தயிர்சாதம் கொடுத்துவிடுவது. அங்கே போனதும் வயிறு சரியில்லை என்று சொல்லி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது. யாருக்கும் சங்கடம் இல்லை.

எதையும் முன்னாலேயே யோசித்து வைத்தால் நிம்மதி.

செப்டம்பர் 11

நிதானமாக எழுத வேண்டும். நிறைய நடந்துவிட்டது.

காலையில் சின்னப் பெண்கள் கைநிறைய மஞ்சள் பூவோடு வாசலுக்கு வந்து பாடினார்கள். மேகலா ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தாள். இவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். தயிர்சாதம் மூன்று ஸ்பூன் இறங்கியது.

அல்மாஸ் வீட்டில் தரை முழுக்கப் பச்சைப் புல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வீதி வரை வந்தது. அல்மாஸின் அம்மா பெயர் ஸெனபு. என் வயதுதான் இருக்கும், என்னைப் போல இரண்டு மடங்கு உடம்பு. வெள்ளை உடை, வெள்ளைத் துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை. எங்களைக் கட்டிப்பிடித்துத் தோளோடு தோள் மூன்று முறை இடித்தாள். சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள்.

நான் திட்டப்படி இவரை மூலையில் உட்கார வைத்தேன். மேகலா அரைமனதாக வயிற்றுக் கதையை மொழிபெயர்த்தாள். ஸெனபு தலையை ஆட்டினாள். பிறகு நேராகப் போய், இவர் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியைப் பிடித்துத் தரதரவென்று மேசைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

மேசையில் தோசையைவிட நாலு மடங்கு பெரிய, புளித்த மாவில் ஊற்றிய மெத்தென்ற அப்பம். இஞ்சேரா என்கிறார்கள். அதன் நடுவே செக்கச்செவேலென்று கோழிக்குழம்பு, அதில் முழு முட்டைகள். சுற்றிலும் பருப்பு, கீரை, பாலாடைக்கட்டி. கை கழுவச் செம்பும் தட்டும் எடுத்து வந்து நமக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். இவர் இடது கையை நீட்டினார். தண்ணீர் ஊற்றிய பெண் ஒரு கணம் நின்று, பிறகு ஊற்றினாள். இங்கேயும் சாப்பாட்டுக்கு இடது கை ஆகாதாம்.

ஸெனபு இஞ்சேராவைக் கிழித்து, கோழியும் முட்டையும் வைத்துச் சுருட்டி, லட்டு அளவுக்கு ஒரு கவளம் செய்தாள். இவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"குர்ஷான்னு பேரும்மா" என்று மேகலா என் காதில் சொன்னாள். "விருந்தாளிக்கு வாயில ஊட்டுவாங்க. பெருசா இருந்தாத்தான் பிரியம் ஜாஸ்தின்னு அர்த்தம். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

சொந்தப் பெண்டாட்டி ஊட்டியே வாய் திறக்காத மனிதர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் சுற்றிலும் பார்த்தார். எதிரே அல்மாஸ் மாப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் தன் தம்பிக்கு ஊட்டினார். மேகலாவின் கன்னம் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. அந்த அறையில் யாருமே தன் கையால் மட்டும் சாப்பிடவில்லை.

இவர் வாயைத் திறந்தார்.

மென்று முடிக்க நேரமாயிற்று. கண்ணில் தண்ணீர். காரமாக இருக்கும். ஸெனபு உடனே இரண்டாவதை ஊட்டினாள். ஒன்றோடு நிறுத்தக் கூடாதாம். பிறகு மூன்றாவது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்து!

அப்புறம்தான் வந்தது வினை. ஊட்டிக்கொண்டவர் திருப்பி ஊட்டினால் மரியாதை என்று அல்மாஸ் சொன்னாள். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தட்டை நோக்கி மெல்லக் கொண்டுபோனார்.

நான் எழுந்துவிட்டேன். "இருங்க, நான் ஊட்டறனுங்க" என்றேன். ஸெனபு என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். என்னவோ சொன்னாள். மேகலா மொழிபெயர்க்கக்கூட இல்லை. ஸெனபு இவர் பக்கம் திரும்பி, பல் டாக்டரிடம் காட்டுவது போல வாயை ஆவென்று திறந்தாள்.

இவர் அள்ளி நீட்டினார். பாதி வாய்க்குள் போயிற்று. மீதி அந்த வெள்ளை உடையில் சிவப்பாக வழிந்தது. ஸெனபு வாய்நிறைய மென்றுகொண்டே, கறையைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். அறையே சிரித்தது. இவரும் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்கிறேன்.

அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க இவர்தான் வர வேண்டும். இலை இலையாகக் குனிந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒருவர்கூடக் குறையோடு எழுந்திருக்க விடமாட்டார். சென்னியப்பன் விசாரிக்காத பந்தி பந்தியே இல்லை என்பார்கள். இன்றும் தடியால் சுட்டிக்காட்டி ஆரம்பித்துவிட்டார். "மேகலா, அந்தக் கடைசீல இருக்கற அம்மாளுக்கு முட்டை போகுல பாரு. அந்தப் பெரியவருக்குக் கொழம்பு வைக்கச் சொல்லு."

கடைசியில் ஒரு கவளம் உருட்டி என் பக்கம் நீட்டினார். எனக்கு அப்போது வயிறு நிறைந்திருந்தது. "போதுமுங்க, வயிறு நெறஞ்சிருச்சு" என்றேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, தானே சாப்பிட்டுவிட்டார்.

பிறகு மூன்று சுற்று காப்பி, கூடவே சோளப்பொரி. நல்ல விருந்து.

செப்டம்பர் 12

எனக்கு வயிறு உண்மையிலேயே நிறைந்திருந்தது.

செப்டம்பர் 17

மேகலாவும் மாப்பிள்ளையும் மேசையில் ஒரே தட்டு வைக்கிறார்கள். இவர் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், கொட்டுகிறது, துடைக்கிறார்கள். எடை அறுபது. நான் சமையலறையில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

ட்யூப் வராது என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.

செப்டம்பர் 23, அவிநாசி

வீடு வந்தாயிற்று. தூசி ஒரு விரல்கடை. துளசிச் செடி பிழைத்திருக்கிறது. ஸெனபு ஒரு பை நிறைய அவர்கள் ஊர் மாவு கொடுத்துவிட்டிருக்கிறாள். கடுகைவிடச் சின்னத் தானியத்தை அரைத்தது, கேழ்வரகு மாவு போல இருக்கிறது. அதன்மேல் சட்டைகளைச் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

மதியம் ரசம் சாதம். தட்டை எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாசலில் கேஸ்காரன் மணி அடித்தான். அறையில் வைத்துவிட்டுப் போனேன்.

செப்டம்பர் 27

புரட்டாசிச் சனி. கோழி கிடையாது. ஆனால் இஞ்சேராவுக்குப் பருப்புக் குழம்பு போதுமே. மாவை மூன்று நாள் புளிக்க வைத்துப் பெரிய தோசைக்கல்லில் ஊற்றினேன். முதலாவது ஒட்டிக்கொண்டது, இரண்டாவது கிழிந்தது, மூன்றாவது ஜம்மென்று வந்தது. பெரிய தாம்பாளத்தில் விரித்து, நடுவில் பருப்பும் கீரையும் வைத்து, ஹால் மேசையில் வைத்துக் கூப்பிட்டேன்.

இவர் வந்தார். பார்த்தார். "நல்லா வந்திருக்குது" என்றார். ஒரு சின்னத் தட்டில் தன் பங்கைப் பிய்த்து வைத்துக்கொண்டு, அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அறைக்குள் போனார். கதவைக் காலால் தள்ளிச் சாத்திக்கொண்டார்.

இந்தத் தடவை சாத்தியது அவர். தாம்பாளத்தில் மீதி இருந்ததை நான் தனியாகச் சாப்பிட்டேன். எனக்கு இறங்கவே இல்லை.

அக்டோபர் 5

இவருடைய தங்கை கோமதி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மகள் தாரிணிக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். தாய்மாமன் இவர்தான். மாமன் நிற்காமல் எங்கள் பக்கத்தில் எந்தச் சீரும் நடக்காது.

பத்திரிகைத் தட்டை நீட்டியபோது இவர் இடது கையால் தொட்டு, "நான் வர்ல கோமதி" என்றார். "சீரெல்லாம் துளசி கொண்டாருவா" என்று என்னைக் கைகாட்டினார்.

"நீங்க இல்லாம எப்படிங்ணா? பந்தியை யாருங்ணா விசாரிக்கறது?" கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் விடவில்லை. "ஊர்ல யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, வாங்க" என்றேன்.

"ஊரை உடு" என்றார். "நீ என்ன நெனைச்சே?"

துணி காயப்போட மாடிக்குப் போனேன். துணி எல்லாம் காலையிலேயே காயப்போட்டாகிவிட்டது.

அக்டோபர் 9

இன்று மீண்டும் எடை பார்த்தோம். ஐம்பத்தெட்டு. வந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. அடுத்த மாதம் மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஏறவில்லை என்றால் ட்யூப். பயமாக இருக்கிறது. இதுவரை இந்த நோட்டில் அந்த வார்த்தையை எழுதியதில்லை.

முத்திரை குத்தியவள் பொய்த் தேதி போட்டதில்லை. இதிலும் போடக் கூடாது. எழுதிவிடுகிறேன்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கோமதி குடும்பம் பார்க்க வந்தது. ஹாலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இவரும் ஆசையாக உட்கார்ந்து, இடது கையால் சாதத்தைப் பிசைந்தார். குழம்பு தாடையில் வழிந்து சட்டையில் இறங்கியது. கோமதியின் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் ஒரு வாய் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும்போதே, நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்தேன். "உள்ளே வந்து சாப்பிடுங்க" என்றேன். பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினேன். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை.

அல்மாஸ் வீட்டிலும் எனக்கு வயிறு நிறையவில்லை. மகளும் மாப்பிள்ளையும் அத்தனை பேரும் பார்க்க, அந்த இடது கையிலிருந்து வாங்கக் கூச்சமாக இருந்தது. மொழி தெரியாத ஒருத்தி வாங்கிக்கொண்டாள். நான் வாங்கவில்லை.

முப்பத்தாறு வருடம் ஆபீசுக்கு அந்த மனிதர் கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றவள் நான். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 10

என் தட்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கதவை விரியத் திறந்து, அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் இடது கையால் பிசைய ஆரம்பித்தேன். சேலையெல்லாம் சோறு.

"என்ன, நாடகமா?" என்றார் எரிச்சலாக. "ஒழுங்கா வலது கையில சாப்புடு."

ஒழுங்காக வலது கையால் சாப்பிட்டேன். "மே மாசம் நான் தட்டைத் தூக்கியிருக்கக் கூடாதுங்க" என்றேன். அவர் குனிந்து சாப்பிட்டார். தட்டில் கால்வாசிதான் மிச்சம்.

அக்டோபர் 14

செங்கல் அங்கேயே இருக்கிறது. வேலைக்கு வரும் சரோஜா இரண்டு தடவை கால் இடித்துக்கொண்டு திட்டினாள். எடுக்க மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 19

இன்று ஹால் மேசையில் சாப்பிட்டோம். அவராகத்தான் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு வருவதாக மட்டும் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய பட்டு வேட்டியை மட்டும் எடுத்து இஸ்திரி போட்டு, கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 30

கல்யாணம் முடிந்து இப்போதுதான் வந்தோம்.

காலையில் எழுந்தபோது இவர் குளித்து, வேட்டியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் நிற்காமல் ஒற்றைக் கையால் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "பெல்ட்டு எங்கே வெச்சே?" என்றார். நான் பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

சீரெல்லாம் நன்றாக நடந்தது. மாமன் மாலையை இடது கையால் போட்டார். தாரிணி குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு பந்தி. இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முன்னூறு இலை. எத்தனையோ வருடமாக இவர் குனிந்து விசாரித்த முகங்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. கோமதியின் மாமியாரும் இருந்தார். "நீ சாப்பிட்டுட்டு வா. நான் கார்ல இருக்கறேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இடது கையை. கூட்டிப்போய் அந்த மாமியாருக்கு நேர் எதிரே உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் சாதம் விழுந்தது, சாம்பார் ஊற்றினார்கள். இவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டுக்கொண்டு எங்களைத்தான் பார்த்தார்கள். எனக்கு மறுபடியும் கூசியது. அதை ஒளிக்க மாட்டேன்.

அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அல்மாஸ் ஊட்ல நான் வேண்டாம்னு சொன்னனே, அதை இப்பக் குடுங்க."

என்னைப் பார்த்தார். "இங்கயா?"

"இங்கயேதான்."

வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். அறுபது வயதுக் கிழவி, என் பழைய கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, முன்னூறு பேர் நடுவில், ஸெனபு திறந்த மாதிரியே திறந்துகொண்டு. கோமதி சாதக்கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அவர் இடது கையால் சாதத்தைப் பிசைந்தார். நிதானமாக, பருப்பும் நெய்யும் கலந்து, பெரிதாக உருட்டி நீட்டினார். பாதி வாய்க்குள் வந்தது. மீதி என் நெஞ்சில் விழுந்து, சேலையில் சூடாக இறங்கியது. நான் துடைக்கவில்லை. மென்றேன். விழுங்கினேன். அப்புறம் நான் ஒன்று உருட்டி நீட்டினேன். ஏப்ரலிலிருந்து என் கைக்குத் திறக்காத வாய் திறந்தது.

எதிரே அந்த மாமியார் தலையைக் குனிந்துகொண்டு ரசத்துக்குக் கை காட்டினார். பரிமாறுகிற ஆள் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டான்.

"தம்பி!" என்று இவர் குரல் கொடுத்தார். பழைய குரல், மண்டபத்தின் கடைசி இலை வரை போகிற குரல். "அந்தம்மா இலைக்கு ரசம் போகுல பாரு. வா இங்கே."

பிறகு என் பக்கம் திரும்பினார். கையில் அடுத்த கவளம் தயாராக இருந்தது.

"துளசி, வயிறு நெறஞ்சிருச்சா?"

"இல்லீங்க" என்றேன். "குடுங்க."